தூது போன வழியில் ஒரு மலைப் பயணம்

செய்தி சேகரிக்கச் சென்ற ஊரில், கூட்டம் முடிந்ததும் கோயிலைப் பார்ப்பதும் உள்ளூர்ச் சாப்பாட்டைச் சுவைப்பதும் பத்திரிகையாளர் வழக்கம். இதில் நமக்கு முன்னோடி, மொரோக்கோ நாட்டவரான இபின் பதூதா.

டில்லி சுல்தான் முகமது பின் துக்ளக் அவரைச் சீனத்துக்குத் தூதராக அனுப்பினார். பரிசுப் பொருட்களை ஏற்றிய கப்பல் கள்ளிக்கோட்டையில் புயலில் சிக்கி உடைந்தது. பின்னர் மாலைதீவில் நீதிபதியாக இருந்துவிட்டு, 1344இல் மதுரை சுல்தான்களின் மாபார் கரையை நோக்கிப் புறப்பட்டவரைக் காற்று இலங்கைக்குத் தள்ளியது.

புத்தளத்தில் அவரை வரவேற்றவர் யாழ்ப்பாண மன்னர் ஆரியச் சக்கரவர்த்தி. பாரசீக மொழி அறிந்த அம்மன்னர் முத்துக்களைப் பரிசளித்து, வேண்டியதைக் கேட்கச் சொன்னார். விருந்தினர் கேட்டது சிவனொளிபாதமலைத் தரிசனம் ஒன்றையே. பல்லக்கு, நான்கு யோகிகள், மூன்று பிராமணர், பத்துத் துணைவர், உணவு சுமக்கப் பதினைந்து பேர் என மன்னர் கூட்டி அனுப்பினார்.

சாப்பாட்டைப் பற்றியும் அவர் ஒளிக்கவில்லை. மாலைதீவு, இலங்கை, மாபார், மலையாளக் கரைகளில் மூன்றாண்டுகள் சோறே உண்டு சலித்து, இறுதியில் தண்ணீரோடுதான் விழுங்க முடிந்ததாம்!

சுல்தானின் பரிசுகள் கடலோடு போயின. வழியில் கண்டவையோ, அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்டு 1355இல் நூலாயின. யாழ்ப்பாண மன்னரின் செல்வாக்குப் புத்தளம்வரை பரவியிருந்ததற்கு நேரில் கண்டவரின் சாட்சியம் இதுவே.

அலுவல் முடிந்த பொழுதில் எழுதிய குறிப்பேடுகளை எறிந்துவிடாதீர்கள்.