நவம்பர் மாதத்து ஆலய மணிகள்: ஆங்கில நாட்டுப்புறப் பங்குகளின் இலையுதிர்கால வரலாறு

வரலாறு பயில்வோர் பெரும்பாலும் அரண்மனைகளையும் போர்க்களங்களையும் நோக்கியே செல்கின்றனர். இவ்வுரையில் நாம் செல்லவிருப்பது மிகச் சிறியதோர் இடத்திற்கு. கல்லால் கட்டிய ஓர் ஆலயம், அதனைச் சூழ்ந்த கல்லறைத் தோட்டம், சில பத்துக் குடும்பங்கள், ஒரு குரு: இங்கிலாந்தின் நாட்டுப்புறப் பங்கு என்பது இவ்வளவே. நாம் எடுத்துக்கொள்ளும் காலமும் சிறியது. அக்டோபர் மாத இறுதியிலிருந்து நவம்பர் முடியும்வரை உள்ள ஐந்து வாரங்கள். கதிர் களஞ்சியம் சேர்ந்துவிட்டது, இலைகள் உதிர்ந்துவிட்டன, பொழுது முன்னேரத்திலேயே சாய்ந்துவிடுகிறது. மக்கள் வயலைவிட்டு வீட்டிற்கும் ஆலயத்திற்கும் திரும்பும் பருவம் இது.

இந்த ஐந்து வாரங்களை முன்வைத்து நாம் கேட்க விரும்பும் வினா ஒன்றுதான். ஆண்டுதோறும் ஓர் ஊர் கூடிச் செய்யும் ஒரு வழக்கத்தை அரசாணையால் ஒழித்துவிட முடியுமா? ஒழித்தால், அந்த வழக்கம் நிறைவேற்றிவந்த தேவை என்னவாகிறது? விடை தேடுவதற்கு நமக்குத் துணை நிற்பது ஆலய மணியின் ஓசை. அது எந்த நாளில், யாருக்காக ஒலித்தது என்பதைத் தொடர்ந்து சென்றால் நானூறு ஆண்டுக்கால மாற்றங்கள் தெளிவாகும்.

1. சான்றுகள் எங்கே உள்ளன?

ஆங்கிலப் பங்கு வழிபாட்டு எல்லையாக மட்டும் இருந்ததில்லை. 1538ஆம் ஆண்டில் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் பிறப்பித்த ஆணைப்படி, திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பங்குகள் ஏட்டில் பதியத் தொடங்கின. 1601ஆம் ஆண்டின் ஏழையர் சட்டம் வறியோரைப் பேணும் கடமையையும், அதற்குரிய வரியைத் தண்டும் அதிகாரத்தையும் பங்கின்மீது வைத்தது. 1894ஆம் ஆண்டின் சட்டம் ஊராட்சியைத் திருச்சபையின் நிருவாகத்திலிருந்து பிரிக்கும்வரை, நாட்டுப்புறத்தில் ஊர்க் காரியமும் ஆலயக் காரியமும் பின்னிப் பிணைந்தே இருந்தன.

பங்கு மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆலயப் பொறுப்பாளர்கள் வரவு செலவுக் கணக்கு எழுதினர். மெழுகுக்கு இவ்வளவு, மணிக்கயிற்றுக்கு இவ்வளவு, மணியடித்தோர்க்கு அப்பத்திற்கும் பியருக்கும் இவ்வளவு என்று அவை நீளும். அரசாணை என்ன சொன்னது என்பதைச் சட்டநூல் காட்டும். ஊர் என்ன செய்தது என்பதை இக்கணக்கேடே காட்டும்.

இவ்வகை ஏடுகளுள் புகழ்பெற்றது டெவன் மாவட்டத்து மோர்பாத் என்னும் சிற்றூருடையது. அங்கே 1520 முதல் 1574 வரை குருவாக இருந்த கிறிஸ்டோபர் டிரிக்கி, ஊர்க் கணக்கைத் தம் கையாலேயே எழுதிவைத்தார். முப்பதுக்குச் சற்று மேற்பட்ட குடும்பங்களே வாழ்ந்த ஆடு வளர்ப்போர் ஊர் அது. வரலாற்றாசிரியர் ஈமன் டஃபி இக்கணக்குகளை அடிப்படையாகக் கொண்டு 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல், அரசியல் புயல் ஒரு குக்கிராமத்தை எவ்வாறு தாக்கியது என்பதை விளக்குகிறது.

2. ஆன்மாக்களுக்காக ஒலித்த மணி

இடைக்கால இங்கிலாந்தில் நவம்பர் முதல் நாள் அனைத்துப் புனிதர் திருநாள். இரண்டாம் நாள் இறந்தோர் அனைவரையும் நினைக்கும் திருநாள். இன்றும் தமிழ்க் கத்தோலிக்கர் அதனைக் கல்லறைத் திருநாள் என்கின்றனர். இவ்விரு நாள்களுக்கும் இடைப்பட்ட இரவில் பல பங்குகளில் மணிகள் நெடுநேரம் ஒலித்தன. இறந்தோரின் ஆன்மாக்கள் உத்தரிக்கும் தலத்தில் துன்புறுகின்றன; வாழ்வோரின் மன்றாட்டு அத்துன்பத்தைத் தணிக்கும் என்பது அக்கால நம்பிக்கை. குளிர்ந்த இரவில் மணியடித்தவர்களுக்குப் பங்கின் செலவில் உணவும் பானமும் வழங்கப்பட்டன. ஏழையர் வீடு வீடாகச் சென்று, இறந்தோர்க்காக மன்றாடுவதாகச் சொல்லி, ஆன்ம அப்பம் எனப்பட்ட சிறு பணியாரங்களைப் பெற்றனர்.

இதனோடு இணைந்த மற்றொரு வழக்கம் நம் கருத்துக்கு முதன்மையானது. ஆலயத்திற்குக் கொடையளித்து மறைந்தோரின் பெயர்கள் ஒரு சுருளில் எழுதப்பட்டிருக்கும். ஆண்டுக்கொருமுறை குரு அப்பெயர்களைச் சபையின்முன் உரக்கப் படிப்பார். செம்மறியாடு ஒன்றையோ மெழுகுத்திரி ஒன்றையோ கொடுத்த எளியவரின் பெயரும் ஊரார் காதில் ஆண்டுதோறும் விழுந்தது. எழுத்தறிவு அரிதாயிருந்த காலத்தில் அதுவே அவருக்கு ஊர் எழுப்பிய நினைவுச்சின்னம்.

சமயச் சீர்திருத்தம் இவையனைத்தையும் தாக்கியது. அனைத்துப் புனிதர் இரவின் மணியோசையைத் தடைசெய்யுமாறு பேராயர் தாமஸ் கிரான்மர் 1546இல் முயன்றார். மன்னர் ஹென்றி அப்போது அதற்கு இசையவில்லை. அவர் மறைந்தபின், ஆறாம் எட்வர்டின் ஆட்சியில், 1547ஆம் ஆண்டுச் சட்டம் இறந்தோர்க்காகத் திருப்பலி நிறைவேற்ற ஏற்படுத்தப்பட்ட அறக்கட்டளைகளைக் கலைத்து, அவற்றின் சொத்துகளை அரசுடைமையாக்கியது. உத்தரிக்கும் தலம் இல்லையென்றால் மன்றாட்டுக்கும் மணிக்கும் பெயர்ச்சுருளுக்கும் பொருளில்லை என்பது புதிய கொள்கை.

மோர்பாத்தில் இது எப்படி வந்து விழுந்தது என்று பார்ப்போம். இறந்தோர் திருப்பலிக்குரிய கறுப்பு நிறத் திருவுடைகளை வாங்குவதற்காகக் குரு டிரிக்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்தார். 1547இல் அவை வந்து சேர்ந்தன. சில காலத்திற்குள் அவற்றை உடுத்துவதற்கான வழிபாடே சட்டத்திற்குப் புறம்பாகிவிட்டது. அத்தனை ஆண்டுகளின் ஏக்கம் கணக்கேட்டின் சில வரிகளுக்குள் அடங்கிக் கிடக்கிறது. 1549இல் மேற்கு மாவட்டங்களில் கிளர்ச்சி மூண்டபோது, அந்தச் சிற்றூர் தன் பொதுப்பணத்தில் ஐந்து இளைஞரை ஆயத்தப்படுத்தி, எக்சிட்டர் நகருக்கு வெளியே இருந்த கிளர்ச்சியாளர் முகாமிற்கு அனுப்பியது. வழிபாட்டு மாற்றத்தை அவ்வூர் எளிதில் ஏற்கவில்லை.

3. அரசுக்காக ஒலித்த மணி

மேரி அரசியின் காலத்தில் பழைய முறை மீண்டது. எலிசபெத் அரசியின் காலத்தில் மீண்டும் ஒழிந்தது. அனைத்துப் புனிதர் இரவில் மணியடிப்போர் எவரேனும் உண்டோ என்று ஆயர்கள் பங்குகளை வினவினர். அவ்வினா மீண்டும் மீண்டும் எழுப்பப்பட்டதிலிருந்தே வழக்கம் உடனே மறையவில்லை என்பது விளங்கும்.

ஆயினும் மணிகள் நவம்பரில் ஓய்ந்துவிடவில்லை. எலிசபெத் அரியணை ஏறிய நாள் 1558 நவம்பர் 17. அந்நாளில் மணியடித்து மகிழும் வழக்கம் 1570களில் பல பங்குகளில் பரவியது. பின்னர் 1605 நவம்பர் 5ஆம் நாள், நாடாளுமன்றத்தை வெடிமருந்தால் தகர்க்கத் தீட்டிய சதி வெளிப்பட்டது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், ஆண்டுதோறும் அந்நாளில் மக்கள் ஆலயம் சென்று நன்றி செலுத்த வேண்டும், குரு அச்சட்டத்தையே சபையில் படித்துக் காட்ட வேண்டும் என்று விதித்தது. 1859 வரை அது நடைமுறையில் இருந்தது. பங்குக் கணக்கேடுகளில் நவம்பர் 5ஆம் நாள் மணியடித்தோர்க்குக் கொடுத்த தொகை ஆண்டுக்காண்டு பதிவாகியுள்ளது. டேவிட் கிரெஸ்ஸி போன்ற வரலாற்றாசிரியர்கள், சீர்திருத்தத் திருச்சபையின் புதிய தேசிய நாள்காட்டி உருவான விதத்தை இத்தகைய பதிவுகளைக்கொண்டே நிறுவியுள்ளனர்.

மணிக்கூண்டும் கயிறும் மாறவில்லை. மணியடித்தோர் பெற்ற பியரும் மாறவில்லை. ஒலியின் பொருளை அரசு மாற்றியது. இறந்த உறவினரை எண்ணி ஒலித்த நவம்பர் மணி, அரசு தப்பிப் பிழைத்ததற்காக ஒலிக்கலாயிற்று. அதே வேளையில், அரசு விதித்த பொருளை ஊர்கள் அப்படியே ஏற்றுக்கொண்டன என்றும் சொல்லிவிட முடியாது. டெவனில் ஷெப்பேர் என்னும் ஊரில், நவம்பர் 5ஆம் நாள் மாலை மணியடிப்போர் ஆலய மணிகளைத் தாறுமாறாக ஒலிக்கச் செய்துவிட்டு வெளியே வந்து, ஆலயத்தின் அருகே கிடக்கும் பெரும் பாறையைக் கடப்பாரையால் புரட்டுகின்றனர். பாறையின்கீழ் சாத்தான் இருப்பதாகவும், ஆண்டுதோறும் புரட்டாவிடில் ஊருக்குத் தீங்கு நேருமென்றும் கதை. வெடிமருந்துச் சதிக்கும் அதற்கும் எத்தொடர்பும் இல்லை.

4. உழைப்பின் நாள்காட்டி

அரசும் திருச்சபையும் வகுத்த நாள்களுக்கு அடியில் உழவர் நாள்காட்டி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. நவம்பர் 11 புனித மார்ட்டின் நாள். குளிர்காலம் முழுவதும் தீவனம் கொடுத்துக் காக்க முடியாத கால்நடைகளை அறுத்து, இறைச்சியை உப்பிட்டு வைக்கும் காலம் அது. வட இங்கிலாந்தில் பண்ணையாள்களின் ஓராண்டு ஒப்பந்தமும் அப்போதே முடிந்தது. அவர்கள் ஆண்டுக் கூலியைப் பெற்றுக்கொண்டு, சில நாள் தம் வீட்டில் தங்கி, சந்தை கூடும் ஊரில் அடுத்த பண்ணையாரைத் தேடி நின்றனர். பேச்சு முடிந்ததற்கு அடையாளமாக ஒரு நாணயம் கைமாறும். 1752இல் நாள்காட்டி திருத்தப்பட்டு 11 நாள்கள் நீக்கப்பட்டபோது, யார்க்ஷயர் போன்ற பகுதிகளின் உழவர் பழைய கணக்கையே பின்பற்றித் தம் மார்ட்டின் நாளைக் கொண்டனர். ஓராண்டு என்று பேசிய உழைப்பை அரசின் திருத்தம் குறைக்கவோ கூட்டவோ அவர்கள் இடந்தரவில்லை.

வார்விக்ஷயரில் நைட்லோ குன்றின்மேல், நவம்பர் 11 அன்று கதிரவன் எழுமுன், சுற்றியுள்ள இருபதுக்கும் மேற்பட்ட பங்குகளின் சார்பாளர்கள் ஒரு பழங்கல்லின் குழியில் சில நாணயங்களை இடுகின்றனர். நிலப் பிரபுவுக்குச் செலுத்தும் பழைய கட்டணம் அது. தவறினால் மூக்கும் காதும் சிவந்த வெள்ளைக் காளை ஒன்றைத் தண்டமாகக் கொடுக்க வேண்டும் என்பது விதி. கட்டணத்தின் பயன் மறைந்துவிட்டது. அதன்பின் கூடி உண்ணும் காலையுணவு இன்றும் தொடர்கிறது.

5. பெயர்கள் மீண்டும் ஒலித்த விதம்

1918ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் முற்பகல் 11 மணிக்கு முதல் உலகப் போர் ஓய்ந்தது. அது மார்ட்டின் நாளில் அமைந்தது தற்செயலே. ஆனால் அடுத்து நிகழ்ந்தது நம் ஆய்வுக்கு மையமானது. போரில் மாண்டோரின் உடல்களைத் தாயகம் கொண்டுவருவதில்லை என்பது பிரித்தானிய அரசின் முடிவு. ஆதலால் சிற்றூர்த் தாய்மார்க்கு மலர் வைப்பதற்கும் கல்லறை இல்லை. ஆலய முற்றங்களிலும் ஊர்ச் சந்திகளிலும் நினைவுத்தூண்கள் எழுந்தன. பண்ணையார் மகனும் பண்ணையாள் மகனும் ஒரே கல்லில் இடம்பெற்றனர். 1919இல் மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் வேண்டுகோளின்படி இரண்டு நிமிட மௌனம் தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் இந்நினைவு ஞாயிற்றுக்கிழமைக்கு மாறி, பின்னர் நவம்பரின் இரண்டாம் ஞாயிறாக நிலைபெற்றது.

அந்த ஞாயிற்றுக்கிழமையில் பல நாட்டுப்புற ஆலயங்களில் நடப்பது என்ன? கல்லில் பொறித்த பெயர்கள் ஒவ்வொன்றாகச் சபையின்முன் படிக்கப்படுகின்றன. மணிகளின் நாவில் ஒருபுறம் தோலைக் கட்டி, ஓர் ஒலி உரத்தும் அடுத்தது மங்கியும் கேட்கும்படி அடிக்கின்றனர். முதல் உலகப் போரில் மணியடிப்போர் சுமார் 1,400 பேர் மாண்டனர் எனக் கணக்கிடப்பட்டது. போர் முடிந்த நூற்றாண்டு நிறைவையொட்டி, 2018இல் அதே எண்ணிக்கையில் புதியோரைச் சேர்க்க ஓர் இயக்கம் நடந்தது. இரண்டாம் உலகப் போரில் 1940 முதல் மணிகள் வாய்மூடியிருந்தன. எதிரி தரையிறங்கினால் மட்டுமே அவை ஒலிக்க வேண்டும் என்பது ஆணை. எல் அலமைன் வெற்றிக்காக அவை மீண்டும் ஒலித்ததும் ஒரு நவம்பர் ஞாயிறு: 1942 நவம்பர் 15.

போர்க்காலத் துயரம் திருச்சபையின் கொள்கையையும் அசைத்தது. சீர்திருத்தக் காலம் முதல் பொதுவழிபாட்டில் ஒதுக்கப்பட்டிருந்த இறந்தோர்க்கான மன்றாட்டு, அப்போது ஆங்கிலத் திருச்சபையின் வழிபாட்டில் மெல்ல இடம்பெறத் தொடங்கியது. இன்று பல பங்குகள் நவம்பர் 2ஆம் நாளையொட்டி, அவ்வாண்டில் மறைந்தோரின் குடும்பத்தினரை அழைத்து, பெயர்களைப் படித்து, விளக்கேற்றுகின்றன.

6. பழைமை என்று எதைச் சொல்வது?

இடைக்காலப் பெயர்ச்சுருளே போர் நினைவுத்தூணாக மாறியது என்று நாம் கூறவில்லை. இரண்டுக்கும் இடையே முந்நூற்று எழுபது ஆண்டு இடைவெளி உள்ளது. 1919இல் பெயர் பொறித்தவர் எவரும் 1547இன் சட்டத்தை எண்ணியிருக்கத் தேவையில்லை. அறுபடாத மரபு என்பது ஒன்று; ஒரே தேவை இரு காலங்களில் இரு வடிவம் கொள்வது மற்றொன்று. நம் சான்றுகள் காட்டுவது இரண்டாவதையே. இறந்தவரைப் பெயர் சொல்லி நினைக்க ஓர் ஊருக்கு ஒரு நாள் வேண்டியிருக்கிறது. ஆணை அந்த நாளை எடுத்துவிடலாம். தேவை எஞ்சியிருந்தது, பெருந்துயர் வந்தபோது அது மீண்டும் ஓர் நவம்பரைத் தேடிக்கொண்டது.

இதற்கு மறுதலையான எடுத்துக்காட்டும் உண்டு. காய்கறியும் கதிர்க்கட்டும் ஆலயத்தில் அடுக்கிக் கொண்டாடும் அறுவடை நன்றி வழிபாட்டை மிகத் தொன்மையானது என்றே பலரும் எண்ணுகின்றனர். இன்றைய வடிவில் அது பரவக் காரணமானவர் கார்ன்வால் மாவட்டத்து மோர்வென்ஸ்டோ பங்கின் குரு ராபர்ட் ஸ்டீபன் ஹாக்கர், ஆண்டு 1843. பண்ணைகளில் நடந்த அறுவடை விருந்து பழையது. ஆலயத்து விழா விக்டோரியா காலத்தது.

ஆகவே, ஒரு விழாவைப் பற்றிக் கட்டுரை எழுதும் மாணவர் மூன்று வினாக்களைக் கேட்டுப் பழக வேண்டும். இதற்குக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்று எந்த ஆண்டினது? அதற்காகப் பணம் செலவிட்டவர் யார்? அவ்வழக்கம் நின்றுபோனால் ஊரில் எவர் இழப்பை உணர்வார்? முதல் வினா தொன்மை பற்றிய மிகைக்கூற்றைத் தடுக்கும். இரண்டாவது அதிகாரத்தைக் காட்டும். மூன்றாவது தேவையைக் காட்டும்.

இம்முறையை நம் மண்ணிலேயே பயின்று பார்க்க வாய்ப்புண்டு. நவம்பரின் அதே இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையில் சிங்கப்பூரின் கிராஞ்சி போர் நினைவகத்திலும் நினைவு வழிபாடு நடைபெறுகிறது. கல்லறை அறியப்படாத 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அங்குள்ள சுவர்களில் பொறிக்கப்பட்டுள்ளன. இந்தியப் படைவீரர் பலர் அவர்களுள் அடங்குவர். ஆசிரியர்கள் தம் மாணவரை அச்சுவர்களின்முன் நிறுத்தி, சில பெயர்களை உரக்கப் படிக்கச் செய்யலாம்.