சங்கப்பலகையும் பல்கலைக்கழக வாயிலும்

மதுரைத் தமிழ்ச் சங்கத்தில் ஒரு பலகை இருந்ததென்றும், தகுதியுடைய புலவர் வந்தால் அது தானே நீண்டு இடங்கொடுத்ததென்றும் திருவிளையாடற் கதை கூறும். இக்காலப் பல்கலைக்கழகங்களின் நிலை வேறு. இடங்கள் அளவானவை, நாடுவோர் பலர். ஆதலின் தகுதி இன்னதென மனிதரே வரையறுக்க வேண்டியுள்ளது. அவ்வரையறை காலந்தோறும் மாறி வந்தமைக்கும், அம்மாற்றம் தமிழைத் தொட்டமைக்கும் சிங்கப்பூரின் வரலாறு சான்றாகும்.

1949 அக்டோபர் 8 அன்று, ஏழாம் எட்வர்டு மன்னர் மருத்துவக் கல்லூரியும் இராபிள்ஸ் கல்லூரியும் இணைந்து சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் தோன்றியது. அதன் பயிற்றுமொழி ஆங்கிலம். சீனமொழிவழிக் கற்றோர்க்கென நன்யாங் பல்கலைக்கழகம் 1956இல் வகுப்புகளைத் தொடங்கியது. தமிழ்வழிக் கற்றோர்க்கு அத்தகைய தனி வாயில் அமையவில்லை. 1946இல் தோன்றிய உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளி 1960இல் உயர்நிலைப்பள்ளியாக வளர்ந்தது. அதற்கு மேல் தமிழ்வழியே செல்லப் பாதை இல்லாத நிலையில், பெற்றோர் ஆங்கிலப் பள்ளிகளை நாடினர். 1982இல் அப்பள்ளி மூடப்பட்டது.

மாணவர்க்கு மட்டுமன்றி மொழிக்கும் பல்கலைக்கழக நுழைவு ஒரு சோதனையாகவே இருந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய இயல் துறையில் முதன்மை பெறுவது தமிழா, வடமொழியா என்னும் வினா 1950களில் எழுந்தது. கருத்துக் கேட்கப்பட்ட வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரியார் வடமொழியின் பக்கம் நின்றார். தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி இதனை ஏற்காது, ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதி இயக்கத்தைத் தொடங்கினார். பல்கலைக்கழகத்தின் படியேறியிராத எளிய மக்களும் பொருள் வழங்கினர். 1956இல் தமிழை முதன்மையாகக் கொண்டு அத்துறை அமைந்தது. மக்களின் விருப்பமே அன்று தமிழுக்குக் கதவைத் திறந்தது.

பின்னர் அரசின் விதி அவ்விடத்தைப் பெற்றது. இருமொழிக் கொள்கை வலுப்பெற்ற 1980களில், இரண்டாம் மொழியில் குறைந்தபட்சத் தேர்ச்சியும் பல்கலைக்கழக நுழைவுக்கு வேண்டப்பட்டது. ‘தமிழில் தேறாவிடில் பல்கலைக்கழகம் இல்லை’ என்று வீடுகளில் சொல்லப்பட்டது. அச்சத்தால் கற்றோரும் கற்றனர். அது தமிழுக்கு ஒருவகைக் காவலாயிற்று.

ஆயினும் விதியால் வந்த காவல் விதியால் தளரும். சேர்க்கைப் புள்ளிக் கணக்கில் தாய்மொழி மதிப்பெண்ணைச் சேர்ப்பது மாணவரின் விருப்பத்திற்கு விடப்படும் என 2004இல் அறிவிக்கப்பட்டது. 2023இல் அறிவிக்கப்பட்ட மாற்றத்தின்படி, 2026ஆம் ஆண்டுச் சேர்க்கை தொடங்கி, 90ஆக இருந்த மொத்தப் புள்ளி 70ஆகக் குறைக்கப்பட்டது. மூன்று எச்2 பாடங்களும் பொதுத்தாளுமே அதன் அடிப்படை; தாய்மொழி மதிப்பெண் புள்ளியை உயர்த்தினால் மட்டுமே கணக்கில் வரும்.

இதனைத் தமிழுக்கு இழைத்த தீங்கு எனக் கருதுதல் பொருந்தாது. அளவுகோல் என்றும் நிலையாக நின்றதில்லை. மருத்துவப் படிப்பில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடமே என்று 1979இல் வகுத்த வரம்பும் 2003ஆம் ஆண்டுச் சேர்க்கையோடு நீங்கியது. மதிப்பெண் மட்டும் போதாது, நேர்காணலும் பிற திறன்களும் கருதப்பட வேண்டும் என்னும் எண்ணமும் இந்நூற்றாண்டில் வலுப்பெற்றது. தேர்வு முறை மாணவரின் சுமையைக் குறைப்பது நன்றே.

ஆனால் ஆசிரியரின் பணி இதனால் கடினமாகிறது. சிராங்கூன் சாலையை அடுத்த பீட்டி சாலையில், மூடப்பட்ட அப்பள்ளியின் பெயரைத் தாங்கி உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம் விளங்குகிறது. தம் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாத மாணவர் பலர் பள்ளி முடிந்தபின் அங்கு வருகின்றனர். ‘தமிழ் எதற்கு?’ என்று அவர்களுள் ஒருவர் கேட்டால், பல்கலைக்கழக வாயிலை மட்டும் காட்டி விடைகூறுதல் இனிப் போதாது. அன்று பொருள் வழங்கிய மக்களுக்குப் புள்ளிக் கணக்கு ஏதும் தெரியாது. தமிழ் எதற்கு என்பது மட்டும் தெரிந்திருந்தது. அந்த விடையை வகுப்பறையில் மீண்டும் உயிர்ப்பிப்பதே இன்றைய தமிழாசிரியர் முன் நிற்கும் கடமையாகும்.