ஐந்தடிப் பாதையும் மூன்று படிகளும்

ஒரு நகரின் வரலாற்றை அதன் கோட்டைகளிலும் கோயில்களிலும் தேடுவதே நம் வழக்கம். வீட்டு வாயிற்படிகளுக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பினாங்கு ஜார்ஜ் டவுன் நகரின் வாயிற்படிகள், உடற்பேறு குறைந்தோரின் உரிமை வளர்ந்த கதையையும், அது தயங்கி நின்ற இடத்தையும் நமக்குக் காட்டுகின்றன.

1786இல் பிரான்சிஸ் லைட் நிறுவிய இந்நகரில், கடைவீடுகளின் முன்பாகக் கூரையுடன் செல்லும் ஐந்தடிப் பாதைகளை இன்றும் காணலாம். மலாய் மொழியில் இதனைக் 'காக்கி லீமா' என்பர். 1822இல் சிங்கப்பூருக்கு நகரமைப்பு வகுத்த இராபிள்ஸ், வீடுகளின் முன்பு தொடர்ந்து செல்லும் திறந்த நடைவழி இருத்தல் வேண்டும் என விதித்தார். அம்முறை நீரிணைக் குடியேற்ற நகரங்களில் வேரூன்றியது. நிலம் வீட்டுக்காரருக்கு உரியது. வழியோ எல்லார்க்கும் உரியது என்பதே அதன் உட்பொருள். அந்நெறி எளிதில் நிலைபெறவில்லை. நடைவழியை அடைத்திருந்த பொருள்களை அகற்ற அதிகாரிகள் முனைந்தபோது, 1888இல் சிங்கப்பூரில் கலகமே மூண்டது. ஜார்ஜ் டவுனிலோ, ஒரு கடையின் தளம் உயர்ந்தும் அடுத்த கடையின் தளம் தாழ்ந்தும் அமைந்தமையால், சக்கர நாற்காலியில் வருவோர்க்கு அவ்வழி இடையிடையே அறுபட்டுப் போயிற்று.

காலப்போக்கில் மக்கள் பலர் அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தனர். 1985ஆம் ஆண்டின் அடுக்குமாடி உரிமைச் சட்டப்படி, வீடு தனியாருக்குச் சொந்தம். படிக்கட்டு, மின்தூக்கி, நடைகூடம் முதலியன வீட்டுரிமையாளர் அனைவருக்கும் பொதுச் சொத்து.

இவ்வரலாற்றில் 2008ஆம் ஆண்டு சூலை 7ஆம் நாள் குறிப்பிடத்தக்கது. அன்றுதான் ஜார்ஜ் டவுன் மலாக்காவுடன் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. அதே நாளில்தான் மலேசியாவின் உடற்பேறு குறைந்தோர் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. பழைய கட்டடங்களுக்கும் மனிதர்க்கும் ஒரே நாளில் காப்பு அளிக்கப்பட்டது எனலாம். ஆயின் இரு காப்பும் ஒரே வலிமையுடையன அல்ல. பொதுமக்களுக்கான கட்டடங்களில் நுழையும் உரிமையை அச்சட்டத்தின் 26ஆம் பிரிவு வழங்கியது. குடியிருப்புக்கெனத் தனிப்பிரிவு அதில் இடம்பெறவில்லை. உரிமையை மறுப்போர்க்குத் தண்டனையும் வகுக்கப்படவில்லை. நன்னோக்குடன் செய்தவற்றுக்கும் செய்யத் தவறியவற்றுக்கும் அரசின்மீது வழக்குத் தொடர இயலாதவாறு 41ஆம் பிரிவு காத்து நின்றது.

2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டம் பினாங்கில் 2015 சூன் 12இல் நடைமுறைக்கு வந்தது. கூடுதல் துணைவிதி இயற்ற, 21 நாள் முன்னறிவிப்பும் அளிக்கப்பட்ட வாக்குகளில் நான்கில் மூன்று பங்கும் வேண்டும் என்றது அச்சட்டம். இனி, முடக்குவாதத்தால் நடையிழந்த முதியவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் வீட்டுக்கும் வீதிக்கும் இடையே மூன்றே படிகள். அவற்றின்மீது சரிவுப்பாதை அமைக்கத் தம் பணத்தையே அவர் செலவிட முன்வரினும், அது பொதுச் சொத்து. நிர்வாகத்தின் இசைவு வேண்டும். 'அழகு கெடும்', 'இன்று இவர், நாளை யாரோ' என்று அண்டை வீட்டார் கூறிவிட்டால், அவர் தம் வீட்டிலேயே சிறைப்பட்டவர் ஆவார்.

அமெரிக்க நாட்டில் 1988ஆம் ஆண்டு திருத்தப்பட்ட வீட்டுவசதிச் சட்டம், இத்தகைய நியாயமான மாற்றத்தைத் தடுப்பதையே பாகுபாடு என வரையறுத்தது. தக்க வசதியை மறுப்பது பாகுபாடே என்னும் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை மலேசியாவும் 2010இல் ஏற்றுக்கொண்டது. ஏற்ற சொல் அடுக்குமாடியின் வாயிற்படிவரை வந்து சேர வேண்டாமா?

அண்டை வீட்டாரின் கருணையை நம்பி நிற்பது சலுகை. அவர்கள் மறுத்தாலும் நிலைப்பதே உரிமை. நிலம் எவருடையதாயினும் வழி எல்லார்க்கும் உரியது என்னும் பாடத்தை ஐந்தடிப் பாதை நமக்கு என்றோ கற்பித்துவிட்டது. தெருவில் கற்ற அப்பாடத்தை மாடிவீட்டின் மூன்று படிகளிலும் எழுதி முடிப்பது நம் தலைமுறையின் கடமையாகும்.