வலை வழங்கி பிறந்த கதை

டில்லியில் அமர்ந்து நாம் ஓர் இணையதளத்தைத் திறக்கும்போது, எங்கோ ஒரு கணினியிலுள்ள மென்பொருள் நம் வேண்டுகோளை ஏற்று, உரிய பக்கத்தை எடுத்தனுப்புகிறது. அதுவே வலை வழங்கி. ‘செர்வர்’ என்பதைப் பணியாள் என்னாது வழங்கி என்றது, மொழிபெயர்ப்பில் உழலும் நமக்கு மிக உகந்ததாகவே படுகிறது.

ஜெனீவாவை அடுத்த ஸெர்ன் ஆராய்ச்சிக்கூடத்தில், 1990ஆம் ஆண்டிறுதியில் டிம் பெர்னர்ஸ்-லீ முதல் வழங்கியை இயக்கினார். ‘இது வழங்கி, அணைக்காதீர்’ என்னும் பொருள்படச் சிவப்பு மையால் எழுதிய சீட்டொன்று அக்கணினியின்மீது ஒட்டப்பெற்றிருந்தது. உலகளாவிய வலை முழுவதும் தொடக்கத்தில் அந்த ஒரு விசையை நம்பியிருந்தது! 1993 ஏப்ரல் 30 அன்று ஸெர்ன் தன் மென்பொருளைப் பொதுச்சொத்தாக்கிற்று.

ஆயினும் விரைந்து பரவியது, அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ராப் மக்கூல் இயற்றிய வழங்கியே. 1994இன் நடுவில் அவர் அங்கிருந்து விலகவே, அது கவனிப்பாரற்றுப் போயிற்று. பிழைகள் தென்பட்டன, திருத்துவார் இல்லை. தளங்களை நடத்தியோர் தாமே திருத்தங்கள் எழுதி, மின்னஞ்சல் வழியே பகிர்ந்துகொண்டனர். அவர்களுள் எண்மர் 1995 பிப்ரவரியில் ஒன்றுசேர்ந்து, அத்திருத்தங்களைத் தொகுத்து, ஏப்ரலில் ‘அப்பாச்சி’ என்ற பெயருடன் விலையின்றி வெளியிட்டனர். ஏறத்தாழ ஓராண்டிற்குள் உலகில் மிகுதியாகப் பயன்பட்ட வழங்கி அதுவே ஆயிற்று.

அப்பாச்சி அந்நாளில் ஒவ்வோர் இணைப்பிற்கும் ஒரு தனிச் செயல்முறையை ஒதுக்கிற்று. வருவோர் பல்லாயிரமானபோது கணினியின் நினைவகம் திணறியது. ரஷியாவின் இகோர் ஸிஸோயெவ் 2004இல் வெளியிட்ட ‘எஞ்சின்-எக்ஸ்’, சில செயல்முறைகளைக் கொண்டே அத்தனை பேரையும் கவனித்தது. பந்தியில் இலைக்கு ஓர் ஆளை நிறுத்தாமல், கேட்கும் இலைக்கெல்லாம் ஒருவரே பரிமாறி நகரும் முறை அது.