தற்காலிக வேலை விசா: நாட்டுத் தகுதி விதிகள்

அயல்நாட்டுத் தொழிலாளரைக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் அனுமதிக்கும் நாடுகள் பல, தொழிலைப் பார்க்கும் முன் பாஸ்போர்ட்டைப் பார்க்கின்றன. தமிழர் நன்கறிந்த சான்று சிங்கப்பூரின் ஒர்க் பெர்மிட். திண்டுக்கல் மாவட்டம் சேவுகம்பட்டியைச் சேர்ந்த ஒருவர் ‘டெஸ்ட் அடித்து’, அதாவது தொழில் திறன் தேர்வில் தேறி, கட்டுமானத்துக்கோ கப்பல் பட்டறைக்கோ போகலாம். ஆனால் அதே பெர்மிட்டில் உணவகத்திலும் தொழிற்சாலையிலும் சேர இந்தியருக்கு நெடுங்காலம் இடமில்லாதிருந்தது. அவை மலேசியா, சீனா, தென்கொரியா, தைவான் முதலிய நாட்டவர்க்கே உரியவையாக இருந்தன. 2023 செப்டம்பர் 1 முதல் இந்திய உணவகச் சமையல்காரர், வெல்டர் போன்ற சில வேலைகள், குறைந்தது 2,000 சிங்கப்பூர் வெள்ளி மாதச் சம்பளத்தில், இந்தியருக்கும் திறந்தன. ஆகஸ்டில் தகுதியில்லாத தோசை மாஸ்டர் செப்டம்பரில் தகுதி பெற்றார். இடையில் அவர் கைப்பக்குவம் கூடிவிடவில்லை. கடைக்காரர்களுக்கு ஆள் கிடைக்காததுதான் காரணம். 2025இல் கனரக வாகன ஓட்டுநர் வேலையும் சேர்ந்தது. பூடான், கம்போடியா, லாவோஸ் நாட்டவரும் அனுமதிக்கப்பட்ட நாடுகளின் பட்டியலில் இடம்பெற்றனர். ஆக, இப்பட்டியல் ஆள் பற்றாக்குறையின் கணக்கே என்பது விளங்கும்.

ஒரே நாட்டை நம்பியிருப்பது ஆபத்து, காலம் முடிந்தும் சிலர் தங்கிவிடுவர் என்பவை இவ்விதிக்குச் சொல்லப்படும் நியாயங்கள். முதலாவதில் பொருளுண்டு. இரண்டாவதற்கு வேறு காப்பு ஏற்கெனவே இருக்கிறது: மலேசியர் அல்லாத ஒவ்வொரு பெர்மிட்காரருக்கும் முதலாளி 5,000 வெள்ளி பிணை தருகிறார். மேலும், சம்பளம் கூடிய இடைநிலை வேலைகளுக்கான எஸ் பாஸ் அனுமதிக்கு நாட்டு வரம்பே கிடையாது. கெடுபிடி முழுவதும் அடிமட்டத் தொழிலாளிக்கே. அமெரிக்காவும் தற்காலிக விவசாய வேலைக்கான எச்-2ஏ, பிற தற்காலிக வேலைக்கான எச்-2பி விசாக்களுக்கு 2009 முதல் வைத்திருந்த தகுதி நாடுகளின் பட்டியலை 2025 ஜனவரியில் கைவிட்டது; அதனால் விசாக்கள் நின்றுவிடவில்லை.

அனுப்பும் நாடான இந்தியாவும் பட்டியல் போடுகிறது. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்பு தேறாதவர் வேலைக்காக 18 நாடுகளுக்குச் செல்ல அரசின் முன்னனுமதி பெற வேண்டும். மலேசியா அதில் உண்டு, சிங்கப்பூர் இல்லை. பாதுகாப்பே நோக்கம் என்றாலும் அளவுகோல் இங்கும் நாடுதான். ஏமாற்றும் முகவரோ எந்த நாட்டின் பெயரைச் சொல்லியும் பணம் வாங்குவார். புறப்படுவோர் பணம் கட்டுமுன், ஐ.பி.ஏ. எனப்படும் முதற்கட்ட ஒப்புதல் கடிதத்தில் உள்ள வேலை இந்தியருக்கு அனுமதிக்கப்பட்டதா என்பதைச் சிங்கப்பூர் மனிதவள அமைச்சின் பட்டியலிலும், முகவரின் உரிமத்தை இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்திலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.