அதிர்வுக்குப் பின் வரும் அச்சம்: முல்லைப்பெரியாற்றை முன்வைத்து

1979 ஆகஸ்ட் 11 அன்று குஜராத்தில் மச்சு ஆற்றின் இரண்டாம் அணை உடைந்து மோர்வி நகரம் மூழ்கியது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அவ்வாண்டு நவம்பரில், துணைக்கண்டத்தின் தென்கோடியில் இருந்த முல்லைப்பெரியாறு அணையை மத்திய நீர் ஆணையம் ஆய்வு செய்தது. நீர்மட்டத்தை 136 அடியாகக் குறைத்து, அணையை வலுப்படுத்துவது என்று முடிவாயிற்று. 1895இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தச் சுண்ணாம்புச் சுர்க்கி அணையின் முதுமையைப் பற்றிக் கேரளத்தில் அதற்கு முன்பும் ஐயங்கள் இருந்தன. ஆனால் ஐயம் அச்சமாக மாறியது மோர்விக்குப் பின்னரே. எளிதில் நினைவுக்கு வரும் நிகழ்வு அடிக்கடி நிகழக்கூடியதாகவும் தோன்றும் என்பதை டுவெர்ஸ்கியும் கானமனும் 1973இல் விளக்கியிருந்தனர். மோர்வியின் படங்களைப் பார்த்தவருக்கு, தம் தலைக்கு மேலுள்ள அணை உடைவதைக் கற்பனை செய்யத் தனி முயற்சி தேவைப்பட்டிருக்காது.

இதை அறியாமை என்று தள்ளுவது எளிது, தவறும்கூட. மோர்வி உண்மையிலேயே நிகழ்ந்தது. சிந்தனைச் சாய்வு ஒன்றுமில்லாததிலிருந்து அச்சத்தை உண்டாக்குவதில்லை. இருக்கும் அச்சத்திற்கு ஒரு முகத்தையும் முகவரியையும் தருகிறது.

2011ஆம் ஆண்டு இதற்குத் தெளிவான சான்று. ஜூலையிலும் நவம்பரிலும் இடுக்கி மாவட்டத்தில் சிறு நில அதிர்வுகள் உணரப்பட்டன. பெருஞ்சேதம் இல்லை. நவம்பர் இறுதியில் ‘டேம் 999’ திரைப்படம் வெளியாயிற்று. தமிழக அரசு அதைத் தடை செய்தது. டிசம்பரில் குமுளி எல்லை கொதித்தது.

சேதம் விளைவிக்காத அதிர்வு ஏன் இத்தனை அச்சத்தைக் கிளப்ப வேண்டும்? இதற்கான விடையின் ஒரு பகுதி பீகாரில் கிடைக்கிறது. 1934 ஜனவரி 15 நிலநடுக்கத்திற்குப் பின், அதிர்வை உணர்ந்தும் சேதத்திற்கு உள்ளாகாத பகுதிகளில் பரவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் தொகுத்தார். பெருவெள்ளம் வரும், இதைவிடக் கொடிய நடுக்கம் வரும் என்பன போன்றவை அவை. பின்னர் டார்ஜிலிங் நிலச்சரிவை ஆராய்ந்த துர்கானந்த் சின்ஹா 1952இல் வெளியிட்ட கட்டுரையில், கண்முன் அழிவைக் கண்ட மக்களிடையே அத்தகைய வருங்காலப் பேரழிவு வதந்திகள் காணப்படவில்லை. லியோன் ஃபெஸ்டிங்கர் இவ்விரண்டையும் இணைத்துப் பார்த்தார்: பீகாரில் உடல் ஏற்கெனவே நடுங்கிவிட்டது, நடுக்கத்திற்கேற்ற காரணம் வெளியில் இல்லை; வதந்தி அக்காரணத்தை வழங்கியது. 1957இல் அவர் நூலாக வெளியிட்ட அறிதல் முரண்பாட்டுக் கோட்பாட்டின் தொடக்கப்புள்ளி இதுதான். (உளவியல் வகுப்புகளில் ஃபெஸ்டிங்கர் பெயர் ஒலிக்கும் அளவுக்கு ஜமுனா பிரசாத் பெயர் ஒலிப்பதில்லை.)

இடுக்கியில் அக்காரணத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை; அணை ஆயத்தமாக நின்றது. ஆகவேதான் ஆறுதல்கூடச் சினத்தை எழுப்பியது. அணை உடைந்தாலும் நீரை இடுக்கி நீர்த்தேக்கம் தாங்கிக்கொள்ளும் என்ற பொருளில் கேரள அரசின் தலைமை வழக்குரைஞர் அந்த டிசம்பரில் உயர் நீதிமன்றத்தில் கூறியபோது, அவரை நீக்கக் கோரிக் குரல்கள் எழுந்தன. அச்சத்திற்கான காரணத்தைப் பறிப்பவர், அஞ்சியவரின் பார்வையில் துரோகியாகிறார்.

தமிழகத் தரப்பில் இயங்கியது வேறொரு சாய்வு. இழப்பின் வலி அதே அளவிலான ஆதாயத்தின் மகிழ்வை விஞ்சும் என்றும், ஆதாயமா இழப்பா என்பதை முடிவு செய்வது நாம் அளக்கத் தொடங்கும் புள்ளியே என்றும் கானமனும் டுவெர்ஸ்கியும் எழுதியது 1979இல்தான். தேனி உழவருக்குத் தொடக்கப்புள்ளி 152 அடி. எனவே 142 என்பது பறிபோனதில் ஒரு பகுதி. கீழ்ப்புறத்தில் வாழ்பவருக்குப் புள்ளி 136. எனவே 142 என்பது புதிதாக ஏற்றப்பட்ட ஆறடி ஆபத்து. ஒரே எண்ணை இரு தரப்பும் வெவ்வேறு பக்கத்திலிருந்து படித்தன. பென்னிகுவிக்கின் பிறந்தநாளில் பொங்கல் வைக்கும் ஊர்களில் அணையைப் பற்றிய ஐயம் முன்னோரைப் பழிப்பதாகவே கேட்கும். அங்கே பொறியியல் வாதத்திற்கு இடம் குறைவு.

இவ்விரு தரப்புக்கும் இடையில் சிக்கியவர்களைப் பற்றி அதிகம் எழுதப்படவில்லை. கம்பம், கூடலூர், போடிப் பகுதிகளிலிருந்து நாள்தோறும் ஜீப்பில் ஏலத்தோட்டங்களுக்குச் சென்றுவந்த பெண்களின் கூலி நின்றது. இடுக்கியில் தங்கியிருந்த தமிழ்த் தொழிலாளர் பலர் மலையிறங்கித் தேனி மாவட்டத்திற்குள் வந்தனர். அணைக்குச் சற்றுக் கீழே உள்ள வண்டிப்பெரியாறின் நிலை இன்னும் இறுக்கமானது. அணை உடைந்தால் முதலில் நீர் புகும் ஊர்களுள் ஒன்று அது. தமிழ் பேசும் தோட்டத் தொழிலாளர் பெருமளவில் வாழும் ஊரும் அதுவே. அணையைக் குறித்து அஞ்சினால் தமிழரிடம் அந்நியர். வாய் திறந்து தமிழ் பேசினால் அண்டை வீட்டாரிடம் அந்நியர். மௌனமே அவர்களுக்குக் கைவந்த உணர்வு ஒழுங்குமுறையாக இருந்திருக்கும். வெளிப்பாட்டை அடக்குவது உள்ளிருக்கும் எதிர்மறை உணர்வைக் குறைப்பதில்லை, உடலின் பதற்றத்தைக் கூட்டுகிறது என்று ஜேம்ஸ் கிராஸும் லெவன்சனும் 1990களில் ஆய்வகத்தில் கண்டனர். சூழலை வேறு கண்ணால் பார்ப்பதே மேலான வழி என்பது கிராஸின் பிற்கால முடிவு. அதற்குச் சூழல் சற்றேனும் இடம் தர வேண்டும் என்பதைத் தோட்ட லயத்தில் நின்று பார்த்தால்தான் உணர முடியும்.

2012இல் நீதிபதி ஆனந்த் குழு அணை பாதுகாப்பானது என்று அறிக்கை அளித்தது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதி வழங்கியது. அவ்வாண்டு நவம்பரில் நீர் அம்மட்டத்தைத் தொட்டது. அச்சம் அடங்கிவிடவில்லை, ஒவ்வொரு பெருமழையிலும் திரும்பி வருகிறது.

இதற்கிடையே பேரழிவு வேறு திசையிலிருந்து வந்தது. 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தோட்ட லயங்களை மூடியது. எழுபது பேர் மாண்டனர். பெரும்பாலோர் கயத்தாறு வட்டாரத்தை வேராகக் கொண்ட தமிழ்க் குடும்பத்தினர். தொலைத்தொடர்பு அற்றுப்போயிருந்ததால் செய்தி வெளியே வந்ததே மறுநாள் காலையில்தான். பல பத்தாண்டுகளாக அணைச் சுவரை நோக்கிக் குவிந்திருந்த கவனத்தில் ஒரு சிறு பங்குகூட லயங்களுக்குப் பின்னிருந்த சரிவுகளுக்குக் கிடைத்ததில்லை. நான்கு பேரின் உடல்கள் கிடைக்காமலே தேடல் நிறுத்தப்பட்டது. உடலின்றி முடிவுறாத இத்தகைய துயரைப் பாலின் பாஸ் ‘தெளிவற்ற இழப்பு’ என்று பெயரிட்டு ஆராய்ந்துள்ளார். முல்லைப்பெரியாற்று அச்சத்தைப் பற்றி எழுதப்பட்டிருக்கும் பக்கங்களோடு ஒப்பிட, பெட்டிமுடியில் எஞ்சியோரின் அத்துயரைப் பற்றித் தமிழில் வந்திருப்பவை மிகக் குறைவு.