பரோடா குஸ்தி, 1954

1954 மே மாதம் அன்றைய பம்பாய் மாநிலத்தின் பரோடாவில் (இன்றைய வதோதரா) ஹமீதா பானுவுக்கும் பாபா பயில்வானுக்கும் நடந்த தொழில்முறை மல்யுத்தப் போட்டி இது. மோதல் 1 நிமிடம் 34 விநாடிகளில் முடிந்தது. வென்றவர் ஹமீதா. தோற்ற பாபா பயில்வான் அதோடு தொழில்முறைக் குஸ்தியிலிருந்து விலகிக்கொண்டார். பெண்கள் தொழில்முறை மல்யுத்தம் என்றாலே இன்று ஜப்பான்தான் நினைவுக்கு வருகிறது. அந்த ஜப்பானிலும் இக்கலை மக்களிடம் பரவத் தொடங்கியது இதே 1954இல்தான்.

ஹமீதா பானு உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூரில் பிறந்து, அலிகாரில் சலாம் பயில்வானிடம் வித்தை கற்றவர். பெண்கள் கோதாவில் இறங்குவதே வழக்கமில்லாத காலத்தில் ஆண் மல்லர்களை எதிர்த்து நின்றார். 1944இல் பம்பாயில் கூங்கா பயில்வானுடன் அவர் மோதுவதாக இருந்த போட்டிக்கு ஏறத்தாழ 20,000 பேர் திரண்டனர். பணமும் அவகாசமும் கேட்டுக் கூங்கா இழுத்தடித்ததால் போட்டி ரத்தாகி, ஆத்திரமடைந்த கூட்டம் அரங்கத்தையே சேதப்படுத்தியது. ஒரு பெண்ணின் குஸ்திக்கு அன்று இருந்த வரவேற்புக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1954 பிப்ரவரியில் அவர் ஓர் அறிவிப்பு விடுத்தார்: தன்னைக் கோதாவில் வெல்பவரை மணந்துகொள்வதாக. பாட்டியாலாவிலிருந்து ஒருவர், கல்கத்தாவிலிருந்து ஒருவர் என இருவர் வந்து தோற்றனர். மூன்றாவது மோதலுக்கான ஊர் பரோடா. லாரிகளில் விளம்பரத் தட்டிகள் ஊரைச் சுற்றின. பரோடா மகாராஜாவின் ஆதரவு பெற்ற சோட்டே காமா பயில்வான்தான் முதலில் மோத வேண்டியவர். பெண்ணோடு மோத மாட்டேன் என்று அவர் ஒதுங்கிக்கொள்ள, பாபா பயில்வான் அந்த இடத்துக்கு வந்தார். கல்யாணச் சவாலைப் பற்றி எழுதிய அளவுக்கு ஹமீதாவின் பிடிகளைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதவில்லை. பெரிய இழப்பு அது.

அவருடைய சாப்பாட்டைப் பற்றி மட்டும் விரிவாகவே எழுதினார்கள். உயரம் 5 அடி 3 அங்குலம், எடை 108 கிலோ. ஒரு நாளைக்கு 5.6 லிட்டர் பால், 2.8 லிட்டர் சூப், 1.8 லிட்டர் பழச்சாறு, ஒரு கோழி, ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான ஆட்டுக்கறி, அரைக் கிலோ வெண்ணெய், 6 முட்டை, பாதாம், ரொட்டி, இரண்டு தட்டு பிரியாணி. நாளுக்கு 6 மணி நேரம் பயிற்சி, 9 மணி நேரம் தூக்கம். இதில் மிகைப்படுத்தல் கொஞ்சம் கலந்திருக்கலாம். ஆனாலும் குஸ்தியையே பிழைப்பாகக் கொண்ட ஒருவரின் நாள் எப்படி ஓடியது என்பது தெரிகிறது.

எதிர்ப்பும் கடுமையாக இருந்தது. கோலாப்பூரில் ஆண் மல்லர் ஒருவரை வீழ்த்தியதும் கூட்டம் கூச்சலிட்டுக் கல்லெறிந்தது. போலீஸ் தலையிட வேண்டியிருந்தது. ராமச்சந்திர சாலுங்கேயுடன் மோதவிருந்த போட்டியை உள்ளூர் மல்யுத்தச் சங்கம் நடக்கவிடவில்லை. ஹமீதா பம்பாய் மாநிலத்தின் அன்றைய முதலமைச்சர் மொரார்ஜி தேசாயிடம் முறையிட்டார். பெண் என்பதற்காகத் தடுக்கவில்லை, அமைப்பாளர்கள் அவருக்கு எதிராக டம்மி ஆட்களை இறக்குவதாகப் புகார் வந்திருக்கிறது என்று பதில் கிடைத்தது. முன்கூட்டியே பேசி வைத்த ஆட்டம் என்ற சந்தேகம் ஆண்களின் தொழில்முறைக் குஸ்தியையும் விடவில்லை. தாரா சிங், கிங்காங் மோதல்களைப் பற்றியும் அப்படிப் பேசியவர்கள் உண்டு. அதற்காக அவர்கள் பெயர் வரலாற்றிலிருந்து அழியவில்லை. இந்த அளவுகோல் ஹமீதாவுக்கும் பொருந்த வேண்டும்.

அதே ஆண்டு பம்பாயில் ரஷ்யாவின் ‘பெண் கரடி’ எனப்பட்ட வேரா சிஸ்டிலினை ஒரு நிமிடத்துக்குள் தோற்கடித்து, ஐரோப்பா போகப்போவதாக அறிவித்தார். அதன் பிறகு குஸ்திச் செய்திகளில் அவர் பெயர் காணாமல் போயிற்று. ஐரோப்பா போகவிடாமல் சலாம் பயில்வான் அடித்துக் கையை முறித்தார் என்று ஹமீதாவின் பேரன் பிபிசியிடம் சொல்லியிருக்கிறார். பம்பாய்க்கு அருகே கல்யாணில் பால் விற்றும், பின்னாளில் தெருவோரத்தில் தின்பண்டம் விற்றும் வாழ்ந்த ஹமீதா 1986இல் காலமானார்.

ஜப்பானில் கதை வேறு விதமாகப் போனது. 1954 நவம்பரில் மில்ட்ரெட் பர்க், மே யங் உள்ளிட்ட அமெரிக்க வீராங்கனைகள் அங்கே சுற்றுப்பயணம் செய்தார்கள். உள்ளூர்ப் பெண்களிடம் ஆர்வம் பிறந்தது, அமைப்புகள் முளைத்தன. 1968இல் மட்சுனாகா சகோதரர்கள் அனைத்து ஜப்பான் பெண்கள் மல்யுத்த நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஃபுஜி தொலைக்காட்சி போட்டிகளை வீடுகளுக்குக் கொண்டுசேர்த்தது. 1980களில் சிகுசா நாகயோவும் லயனஸ் அசுகாவும் சேர்ந்த ‘கிரஷ் கேல்ஸ்’ ஜோடிக்குப் பள்ளி மாணவிகள் பித்தாகவே இருந்தார்கள். 1994 நவம்பர் 20 அன்று டோக்கியோ டோமில் 30,000க்கும் மேற்பட்டோர் முன்னிலையில் 23 போட்டிகள் ஏறத்தாழ 10 மணி நேரம் நடந்தன. ஹமீதாவின் காலத்தில் இங்கே கூட்டத்துக்குக் குறைவில்லை. பயிற்சிக் கூடமும் நிறுவனமும் ஒளிபரப்பும்தான் இல்லை.

2017இல் மே யங் பெயரில் அமெரிக்க மல்யுத்த நிறுவனமான டபிள்யூடபிள்யூஇ நடத்திய போட்டித்தொடரில் ஹரியானாவின் கவிதா தேவி சல்வார் கமீஸ் அணிந்து களமிறங்கி, முதல் சுற்றில் நியூசிலாந்தின் டகோட்டா காயிடம் தோற்றார். கோப்பையை ஜப்பானின் கைரி சேன் வென்றார். கவிதா, டபிள்யூடபிள்யூஇ மேடையேறிய முதல் இந்தியப் பெண். இந்தியப் பெண்களின் தொழில்முறை மல்யுத்தம் அவரிடமிருந்து தொடங்குவதாக எழுதுவது பிழை. அந்த வரலாற்றில் ஹமீதா பானுவின் பெயரே முன்னால் வர வேண்டும்.